ஒன்பதாம் தேதி நெட் கட் ஆகுமா?

கேள்வி: பண்ருட்டியில் ஜெராக்ஸ் கடையோடு சேர்த்து ஒரு சின்ன பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். நான்கு கம்ப்யூட்டர்கள். பட்டா, வில்லங்கச் சான்று, தேர்வு விண்ணப்பம் என்று பிழைப்பு ஓடுகிறது. பத்து நாளாக இரண்டு கம்ப்யூட்டர்களில் எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை. ஆனால் நெட் இணைப்பு இருப்பதாகத்தான் காட்டுகிறது. மற்ற இரண்டும் நன்றாக ஓடுகின்றன. அதே வைஃபையில் என் போனும் ஓடுகிறது. இந்த நேரம் பார்த்து, "உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தால் 9-ஆம் தேதி எஃப்பிஐ உங்கள் இணையத்தைத் துண்டித்துவிடும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. சர்வீஸுக்கு வரும் தம்பி, இரண்டுக்கும் ஃபார்மட் போட வேண்டும், ஒன்றுக்கு 1,500 ரூபாய் என்கிறார். வாடிக்கையாளர்களின் ஸ்கேன் பைல்கள் எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. ஓடாத இரண்டும் கடை ஆரம்பித்தபோது வாங்கியவை. மற்றவை போன வருடம் வாங்கியவை. இந்த மாதம்தான் கேபிள்காரர் நெட்டை விட்டுவிட்டு ஃபைபருக்கு மாறினோம். அந்தச் செய்தி உண்மையா? ஃபார்மட் போடத்தான் வேண்டுமா? இங்கே வந்து பேங்க் அக்கவுண்ட்டைத் திறந்தவர்களுக்கு ஏதாவது ஆகுமா?

பதில்: வணக்கம். ஃபார்மட்டை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, இந்த மாதம் ஃபைபருக்கு மாறினோம் என்று, எனக்கு அதில்தான் விஷயம் இருப்பதாகப் படுகிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்த வாட்ஸ்அப் செய்தியை முடித்துவிடலாம். உங்கள் கம்ப்யூட்டர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்பது அந்தக் கதை தெரிந்தால் சுலபமாகப் புரியும்.

செய்தி ஒரு காலத்தில் உண்மைதான். அதிலிருக்கும் 9-ஆம் தேதி, 2012 ஜூலை 9. எப்போதோ யாரோ மாதத்தையும் வருடத்தையும் வெட்டிவிட்டார்கள். இப்போது எந்த மாதம் வந்தாலும் அதைப் படிப்பவர்களுக்கு அடுத்த வாரம் போலத் தெரிகிறது.

அந்த வைரஸின் பெயர் டிஎன்எஸ் சேஞ்சர். டிஎன்எஸ் என்பது என்ன? நீங்கள் பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடிக்கிறீர்கள். கம்ப்யூட்டருக்குப் பெயர் போதாது, எண் வேண்டும். உடனே ஒரு சர்வரிடம் போய், "இந்தப் பெயருக்கு எந்த எண்?" என்று கேட்கிறது. பஸ் ஸ்டாண்டில் விசாரணை கவுண்டரில் கேட்டுவிட்டு அவர் கை காட்டும் பஸ்ஸில் ஏறுவது மாதிரி. கவுண்டரில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தால், நீங்கள் கடலூருக்குக் கேட்டு அவர் இஷ்டப்பட்ட ஊரில் போய் இறங்குவீர்கள். இந்த வைரஸ் செய்த வேலை அவ்வளவுதான். யாரிடம் கேட்க வேண்டும் என்று கம்ப்யூட்டரில் பதிந்திருக்கும் அந்த ஒரு முகவரியை மாற்றிவிட்டது.

செய்தவர்கள் எஸ்டோனியா நாட்டில் டார்ட்டு என்ற ஊரிலிருந்து இயங்கிய ரோவ் டிஜிட்டல் என்ற நிறுவனத்தார். தலைவர் விளாதிமிர் சாஸ்ட்சின். 2007-இல் தொடங்கி 2011 அக்டோபர் வரை நடந்தது. "இந்த வீடியோவைப் பார்க்க ஒரு கோடெக் (வீடியோவை ஓட வைக்கும் சின்ன மென்பொருள்) வேண்டும், டவுன்லோடு செய்யுங்கள்" என்ற பழைய தூண்டில்தான் பெரும்பாலும் உதவியது. விண்டோஸ் மட்டுமல்ல, மேக் கம்ப்யூட்டர்களும் மாட்டின. 100 நாடுகளுக்கு மேல், சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்கள். அமெரிக்காவில் மட்டும் 5 லட்சம். அதில் நாசாவின் கம்ப்யூட்டர்களும் இருந்தன.

இவர்கள் பணம் பார்த்தது விளம்பரங்களில். ஐடியூன்ஸைத் தேடி கிளிக் செய்தவர் சம்பந்தமில்லாத வேறு கடைக்குப் போனார். அமெரிக்க வருமான வரித் துறையைத் தேடியவர் ஒரு தனியார் வரி நிறுவனத்தின் பக்கத்தில் போய் நின்றார். வால் ஸ்ட்ரீட் ஜர்னல் தளத்தில் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் விளம்பரம் தெரிய வேண்டிய இடத்தில் இவர்களுடைய விளம்பரம் தெரிந்தது. ஒவ்வொரு கிளிக்கும் காசு. குறைந்தது 1 கோடியே 40 லட்சம் டாலர் சம்பாதித்தார்கள் என்பது அமெரிக்க அரசுத் தரப்பின் கணக்கு. ஆன்டிவைரஸும் விண்டோஸும் அப்டேட் ஆகாமலும் பார்த்துக்கொண்டார்கள். அதனால் நான்கு வருடம் யாருக்கும் பெரிதாக உறைக்கவில்லை. நெட் வேலை செய்துகொண்டுதானே இருந்தது?

2011 நவம்பர் 8-ஆம் தேதி எஸ்டோனியாவில் ஆறு பேரைக் கைது செய்தார்கள். நியூயார்க்கிலும் சிகாகோவிலும் இருந்த அவர்களுடைய சர்வர்கள் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ கைக்கு வந்தன. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. அந்த சர்வர்களை நிறுத்தினால் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காக உட்கார்ந்திருக்கும். பதில் வராது. அத்தனை பேருக்கும் ஒரே நாளில் நெட் போய்விடும், ஏன் என்றும் தெரியாது.

அதனால் நீதிமன்ற உத்தரவு வாங்கி, இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்ட்டியம் என்ற லாப நோக்கமற்ற அமைப்பிடம் வேலையை ஒப்படைத்தார்கள். திருடர்களின் சர்வர்கள் இருந்த அதே எண்களில் நல்ல சர்வர்களை நிறுத்தி, சரியான பதில் சொல்ல வைத்தார்கள். முதலில் 120 நாள் அவகாசம், 2012 மார்ச் 8 வரை. அதற்குள் ஜனங்கள் சுத்தம் செய்துவிடுவார்கள் என்ற நம்பிக்கை. செய்யவில்லை. ஜூலை 9 வரை நீட்டித்தார்கள். தொற்று இல்லை என்றால் பச்சை, இருந்தால் சிவப்பு காட்டும் சோதனைத் தளங்கள் வந்தன. ஜெர்மனியில் அரசே ஒன்றை நடத்தியது. மே மாதம் கூகுள், தொற்று இருந்தவர்களுக்குத் தேடல் பக்கத்தின் தலையிலேயே எச்சரிக்கை போட்டது. பிறகு ஃபேஸ்புக்கும் போட்டது. அப்படியும் கடைசியில் 2 லட்சத்துச் சொச்சம் மிஞ்சின. அமெரிக்கா, இத்தாலிக்கு அடுத்தபடி இந்தியா, 20,000 அளவில்.

என்னைக் கேட்டால், நீட்டிப்புக் கொடுத்த அந்த இரண்டாம் தவணை தேவையில்லாதது. பெரிய அலுவலகங்களுக்கு முதல் தவணை அவசியம்தான், அவர்களால் ஒரே நாளில் எதையும் மாற்ற முடியாது. ஆனால் வீட்டில் இருப்பவருக்கு எந்த வலியும் இல்லாமல் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் அவர் ஏன் கம்ப்யூட்டரைத் திறந்து பார்க்கப் போகிறார்? ஆன்டிவைரஸ் செத்துக் கிடக்கும் ஒரு கம்ப்யூட்டரை இன்னும் நான்கு மாதம் சொகுசாக ஓட விட்டதுதான் மிச்சம். ஜூலை 9 அன்று உலகம் முடிந்துவிடும் என்று பத்திரிகைகள் எழுதின. பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. சில நெட் கம்பெனிகள் தங்கள் வாடிக்கையாளர்களுக்காகத் தாங்களே மாற்று சர்வர் வைத்துக்கொண்டார்கள். அதாவது மூன்றாவது தவணை! சாஸ்ட்சின் பிறகு அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 2016-இல் ஏழேகால் வருடச் சிறைத்தண்டனை பெற்றார்.

சரி, உங்கள் கடைக்கு வருவோம். "இணைப்பு இருக்கிறது, தளம் திறக்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். ஜூலை 9 அன்று மிஞ்சியவர்களுக்கு வந்திருக்கக்கூடிய கோளாறும் இதுவேதான். லைன் உயிரோடு இருக்கிறது, கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. ஆனால் இந்த நிலைமை வர வைரஸ் இருந்தாக வேண்டும் என்பதில்லை. நான் நினைப்பது இது: கடை ஆரம்பித்தபோது கேபிள் நெட் இணைக்க வந்தவர், அந்த முதல் இரண்டு கம்ப்யூட்டர்களில் தன் கம்பெனியின் டிஎன்எஸ் எண்களைக் கையால் அடித்துவிட்டுப் போயிருப்பார். அப்போது நிறைய பேர் அப்படித்தான் செய்தார்கள். போன வருடம் வந்த இரண்டும் எண்ணைத் தானாகவே ரவுட்டரிடம் வாங்கிக்கொள்கின்றன, உங்கள் போனைப் போல. நீங்கள் ஃபைபருக்கு மாறியதும் பழைய இரண்டும் இன்னும் கேபிள்காரரின் சர்வரையே கேட்கின்றன. தன் சந்தாதாரர் அல்லாதவர்களுக்கு அந்த சர்வர் பதில் சொல்லாது. பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது. பார்ப்பதற்கு அதிக நேரமும் ஆகாது.

ஓடாத கம்ப்யூட்டர் ஒன்றில் ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். கருப்பு ஜன்னல் ஒன்று திறக்கும். அதில் பிங் (ping) என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, 8.8.8.8 என்று கொடுத்து என்டர் தட்டுங்கள். இது கூகுளின் சர்வர் எண். பதில் வரிசையாக வந்தால் லைனில் குறை இல்லை. அடுத்து அதே பிங், ஆனால் எண்ணுக்குப் பதிலாக ஏதாவது ஒரு தளத்தின் பெயர். எண்ணுக்குப் பதில் வந்து, பெயருக்கு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்று வந்தால் டிஎன்எஸ்தான். அப்புறம் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடித்து, இடைவெளி விட்டு, சாய்கோடும் ஆல் என்ற சொல்லும் (/all) சேர்த்துத் தட்டுங்கள். நீளமாக ஓடும் பட்டியலில் டிஎன்எஸ் சர்வர்ஸ் என்ற வரிக்கு எதிரே இருக்கும் எண்களைக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் இதே பட்டியலை எடுத்து இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஓடுவதில் அநேகமாக 192.168 என்று தொடங்கும் எண் இருக்கும். அது உங்கள் ரவுட்டர். ஓடாததில் வேறு ஏதோ எண் இருந்தால், கேபிள்காரரிடம் போன் செய்து அது அவர்களுடையதா என்று கேளுங்கள். ஆம் என்றால் வேலை முடிந்தது. நெட்வொர்க் செட்டிங்கில், இன்டர்நெட் புரோட்டோகால் பதிப்பு 4 என்பதைத் திறந்து, டிஎன்எஸ் முகவரியைத் தானாகப் பெறு என்ற புள்ளியைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்தால் இரண்டும் ஓடும்.

தம்பி சொன்னபடி ஃபார்மட் போட்டாலும் சரியாகிவிடும் என்பதுதான் இதில் வேடிக்கை. புதிதாகப் போடும் விண்டோஸ் டிஎன்எஸ்ஸைத் தானாக வாங்கும் நிலையிலேயே வரும். 3,000 ரூபாய் கொடுத்துவிட்டு, ஸ்கேன் பைல்களையும் இழந்துவிட்டு, நல்ல வேளை வைரஸ் போனது என்று நீங்கள் நம்பிக்கொண்டிருப்பீர்கள். தம்பியும் மனதார அப்படியே நம்புவார்.

எண் கேபிள்காரருடையது இல்லை, யாருடையது என்றும் தெரியவில்லை என்றால் கதை வேறு. அப்போது அந்தக் கம்ப்யூட்டரின் நெட் கேபிளை முதலில் பிடுங்கிவிடுங்கள். இந்த வகை வைரஸ்களில் சில, தான் இருக்கும் கம்ப்யூட்டரையே போலி ரவுட்டராக நடிக்க வைத்து, பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கும் தவறான எண்ணைக் கொடுத்தன. ஒரே நெட்வொர்க்கில் நான்கு கம்ப்யூட்டர் வைத்திருக்கும் உங்களுக்கு இது முக்கியம். ஸ்கேன் பைல்களை ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, அந்தப் பென்டிரைவை ஆன்டிவைரஸ் சோதனை செய்யாமல் வேறு எதிலும் செருகாதீர்கள். மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் இத்தகைய தொற்றுகளைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. நன்றாக ஓடும் கம்ப்யூட்டரில் இறக்கிக்கொள்ளலாம். அதற்கும் மசியாவிட்டால் தம்பியைக் கூப்பிட்டு ஃபார்மட் போடச் சொல்லுங்கள். ஆனால் சி டிரைவை மட்டும் அழித்தால் போதாது. டிஎன்எஸ் சேஞ்சரோடு திரிந்த டிடிஎல்4 போன்ற வைரஸ்கள், விண்டோஸ் எழுவதற்கு முன்பே இயங்கும் டிஸ்க்கின் முதல் பகுதியில் ஒளிந்துகொள்ளும். எல்லாப் பார்ட்டிஷனையும் நீக்கிவிட்டு, டிஸ்க் முழுவதையும் புதிதாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள்.

பழைய டிஎன்எஸ் சேஞ்சர் எண்களின் பட்டியல் நெட்டில் கிடைக்கும், 85.255.112 என்று தொடங்குபவை போன்றவை. அதை வைத்து ஒப்பிட வேண்டாம். அவற்றில் சில எண்கள் பிறகு வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டன. இன்றைய திருடர்கள் 2012-இன் எண்ணைப் பயன்படுத்தவும் மாட்டார்கள்.

ரவுட்டரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லாமல் விட முடியாது, ஏனென்றால் இந்தத் தொழில் இப்போது கம்ப்யூட்டரை விட்டு அங்கே நகர்ந்துவிட்டது. ரவுட்டரில் ஒரு எண்ணை மாற்றினால் கடையில் இருக்கும் எல்லாமே திசை மாறும், கம்ப்யூட்டரில் வைரஸ் சோதனை செய்தால் ஒன்றும் அகப்படாது. பிரேசிலில் 2011 வாக்கில் சுமார் 45 லட்சம் மோடம்களில் இப்படி டிஎன்எஸ் மாற்றப்பட்டு, பேங்க் தளத்துக்குப் போனவர்கள் போலித் தளத்துக்குப் போனார்கள். எஸ்டோனியாக்காரர்களாவது விளம்பரத்தோடு நின்றார்கள்.

நம் நாட்டிலும் நெட்டையே துண்டித்த ஒரு சம்பவம் உண்டு. 2017 ஜூலை கடைசியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் பிராட்பேண்ட் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. 60,000-க்கும் மேல் என்று அப்போது செய்தி வந்தது. யூசர்நேமும் அட்மின், பாஸ்வேர்டும் அட்மின். கம்பெனி கொடுத்ததை யாரும் மாற்றியிருக்கவில்லை. பிரிக்கர்பாட் என்ற வைரஸை எழுதிய ஆள், தான்தான் செய்தேன் என்று உரிமை கொண்டாடினார். பாதுகாப்பில்லாத கருவிகளை மற்றவர்கள் பிடிப்பதற்கு முன் நானே செயலிழக்கச் செய்கிறேன் என்பது அவர் வாதம். ஊருக்கு நல்லது செய்கிறேன் என்று வீட்டுக்குத் தீ வைக்கும் ரகம். ஆனால் அவர் உள்ளே போன வாசல் நாம் திறந்து வைத்த வாசல்.

உங்கள் கடையின் ரவுட்டரான அந்த ஃபைபர் பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் லாகின் விவரம் இருக்கும். அதை வைத்து உள்ளே போய், முதல் வேலையாக அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இது வேறு. நிறைய பேர் முன்னதை மாற்றிவிட்டு இதை மாற்றிவிட்டதாக நினைக்கிறார்கள். வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதி, ரிமோட் மேனேஜ்மென்ட் என்று இருக்கும், தேவையில்லை என்றால் அணைத்துவிடுங்கள். அங்கேயே டிஎன்எஸ் பகுதியில் அறிமுகமில்லாத எண் இருந்தால், பின்னால் இருக்கும் ரீசெட் துவாரத்தில் குச்சியை அழுத்துவதற்கு முன் நெட் கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். ஃபைபர் பெட்டிகளை நீங்களாக ரீசெட் செய்தால் அவர்கள் ஆள் வந்து திரும்ப அமைத்துக் கொடுக்கும்வரை கடையை மூடி வைக்க வேண்டியிருக்கும்.

வாடிக்கையாளர்களின் பேங்க் கணக்குகள். காரணம் கேபிள்காரரின் பழைய எண்தான் என்று தெரிந்தால், இந்தக் கோளாறால் அவர்களுக்கு ஆபத்து எதுவும் இல்லை, நிம்மதியாக இருங்கள். யாருடையது என்று தெரியாத எண்ணாக இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தவர்களில் உங்களுக்கு நினைவிருப்பவர்களிடம் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிடுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும். பணம் போயிருந்தால் சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு உடனே கூப்பிட வேண்டும், தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்தை மீட்பதைக் கடினமாக்கும்.

2011-ஐ விட இன்று நமக்கு ஒரு சாதகம் உண்டு. அன்று பெரும்பாலான தளங்களில் பூட்டு அடையாளம் கிடையாது. இன்று டிஎன்எஸ் பொய் சொல்லி வேறு இடத்துக்கு அனுப்பினாலும், தான் அந்தத் தளம்தான் என்று நிரூபிக்கும் உண்மையான சான்றிதழ் போலித் தளத்திடம் இருக்காது. "இந்த இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்று பிரவுசர் முழுப் பக்கத்துக்குச் சிவப்பாகக் கத்தும். ஆனால் பிரவுசிங் சென்டர்களில் நான் பார்த்த ஒரு வழக்கம் இதைப் பாழாக்குகிறது. பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் இருக்கும் சின்ன வட்ட பேட்டரி தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பல வருடம் பின்னால் போய்விடும். தேதி தப்பானால் நல்ல தளத்துக்கும் அதே எச்சரிக்கை வரும். கடைப் பையன், "அது அப்படித்தான் வரும் சார்" என்று சொல்லித் தாண்டிப் போகும் லிங்கைக் கிளிக் செய்து கொடுத்துவிடுவான். உங்கள் பழைய இரண்டிலும் மூலையில் தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள். தப்பாக இருந்தால் சிஆர்2032 என்ற பேட்டரி வாங்கிப் போடுங்கள், கைக்கடிகாரம் ரிப்பேர் செய்யும் கடையிலேயே கிடைக்கும். போட்ட பிறகும் அந்த எச்சரிக்கை வந்தால், அன்றைக்கு அந்தக் கம்ப்யூட்டரில் யாரையும் பேங்க் தளத்தைத் திறக்க விடாதீர்கள்.

தம்பியை வரச் சொல்லுங்கள், வந்து பார்த்ததற்கான கூலியைக் கொடுங்கள். மிச்சமாகும் பணத்தில் ஸ்கேன் பைல்களுக்காக வெளியில் வைக்கும் ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக்கொள்ளலாம். எழுதி வைத்த டிஎன்எஸ் எண்கள் யாருடையவை என்று பிடிபடவில்லை என்றால், அந்தக் காகிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.